பீப்பாய்க்குப் போர்த்திய கம்பளி

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்குத்தான் வெட்கம். இது என் வீட்டுக் கம்பளியிலிருந்து வந்தது.

உலகத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஊரில் குளிர்காலம் ஜூலையில்தான்; அப்படி ஒரு ஜூலை நாள் காலை பக்கத்து வீட்டுக் கெல்வின் வேலியோரம் வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர், ஆலை வேலையில் ஓய்வு பெற்றவர், எதையும் யாரிடமும் கேட்டுப் பழகாதவர்.

"ஏம்ப்பா, பழைய கம்பளி ஏதாவது கெடக்கா? எங்க வீட்ல ஒரு ஆளுக்குக் குளிர் தாங்கல."

அவர் மனைவி ஜோசலினுக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று பதறிப்போய், என் மாமியார் ஊரிலிருந்து சுமந்துகொண்டுவந்த சிவப்புக் கம்பளியை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் நலம் விசாரிக்கப் போனால் ஜோசலின் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கம்பளி கொட்டகையில் இருந்தது. தகரச் சுவரோரம், சிமெண்டுத் தரையில், ஒரு பிளாஸ்டிக் பீப்பாயின் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தது. பீப்பாய்க்குள் பீர்.

"எங்கம்மா குடுத்தது சாராயப் பானைக்கா? நல்லா இருக்குங்க உங்க தானதர்மம்" என்றாள் என் மனைவி வசுமதி.

கம்பளிதான் போய்விட்டது, கதையாவது கிடைக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: "டெர்வென்ட் பள்ளத்தாக்கின் உறைபனி வெள்ளை விரிப்பைப் போல ——"

வேண்டாம். பனியை வெள்ளை விரிப்பு என்று எழுதாத ஆளை இனிமேல் விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது: "ஈஸ்டும் ஓர் உயிர். குளிர் கூடினால் அது சர்க்கரையைத் தின்பதை நிறுத்திவிட்டு ——"

இதற்கு மேல் போனால் கேள்வித்தாள் கொடுக்க வேண்டிவரும்.

மூன்றாவது: "கெல்வின் தன் அண்ணனோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது. ஆனால் வருடம் தவறாமல் அவருக்கு இரண்டு புட்டி பீர் கொடுத்துவருகிறார்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

(கெல்வின் என்பது வெப்ப அளவின் பெயர் என்று எனக்கும் தெரியும். குளிரைப் பற்றிய கதைக்கு வேண்டுமென்றே வைத்த பெயர் என்று நினைப்பீர்களே என்று இரண்டு பக்கம் வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெயர்க்காரர் விறைப்பாக நின்றாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய பெயரையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

3.

அண்ணன் பெயர் லிண்ட்சே. மேட்டுச் சாலையில், நடந்துபோகும் தூரத்தில், ஹாப்ஸ் தோட்டம் வைத்திருப்பவர். பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற அந்தப் பூ மார்ச்சில் அறுவடையாகும். அறுவடை முடிந்த வாரத்தில் கெல்வின் வீட்டுக் கதவில் ஒரு பை ஹாப்ஸ் தொங்கும். சீட்டு இருக்காது, பெயர் இருக்காது. குளிர்காலத்தில் கெல்வின் அதைப் போட்டுப் பீர் காய்ச்சுவார். வசந்தம் பிறந்ததும் அதில் இரண்டு பெரிய புட்டிகளை லிண்ட்சேயின் தபால் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, யாரோ வைத்ததுபோல் வந்துவிடுவார். இந்த ஊரில் கூடப்பிறந்தவனோடு பேசாமல் வருடக்கணக்கில் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒருவன் வாங்கிக் கொடுத்த பீருக்குப் பதில் பீர் கொடுக்காதவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

சண்டை எதற்கு? முதல் வரைவில் நிலத்தகராறு என்று எழுதியிருந்தேன். வரப்பு என்றால் தமிழ் வாசகர் மேற்கொண்டு சாட்சி கேட்காமல் நம்பிவிடுவார். உண்மை அதைவிடச் சிறியது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது லிண்ட்சே யாரிடமோ சொன்னார்:

"இவனுக்கு அம்மான்னா ஞாயித்துக்கெழமை மட்டும்தான்."

கெல்வின் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். அவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் ஆலையில் ஷிப்ட். அவருக்கென்று இருந்ததே அந்த ஒரு ஞாயிறு, அதை முழுசாக அம்மாவுக்குக் கொடுத்தவர். லிண்ட்சே மீதி ஆறு நாளும் அம்மாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டியவர். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் இத்தனை வருடம் இழுத்தது.

இந்த வருடம் ஊருக்குள் செய்தி வந்தது. லிண்ட்சேக்கு மூட்டு போய்விட்டது, தோட்டத்தை விற்றுவிட்டார், செப்டம்பர் கடைசியில் குவீன்ஸ்லாந்துக்கு, மகனோடு இருக்கப் போகிறார். மார்ச்சில் கதவில் தொங்கிய பை வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்ததன் காரணம் கெல்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. அதுதான் கடைசிப் பை. அப்படியானால் இவர் வைக்கப்போவதும் கடைசி இரண்டு புட்டி. அது நன்றாக இருக்க வேண்டும், அண்ணன் கிளம்புவதற்குள் தயாராகவும் வேண்டும்.

பிளாஸ்டிக் பீப்பாய்க்கு ஒருவர் ஏன் கம்பளி கேட்டு அலைந்தார் என்று இப்போது புரிந்திருக்கும்.

4.

அதுவரை பீப்பாய் சலவை அறையில்தான் கதகதப்பாக இருந்தது. "தொவைச்ச துணியெல்லாம் நனைஞ்ச நாய் வாசம் அடிக்குது. ஒண்ணு அது, இல்ல நான்" என்று ஜோசலின் சொன்னதிலிருந்து கொட்டகைக்குப் போயிற்று. அங்கே காலையில் வாளித் தண்ணீர் பனிக்கட்டி ஏடு கட்டியிருக்கும்.

கெல்வின் ஒரு மின்சாரச் சூட்டுப் பட்டையைப் பீப்பாயின் மேல்பாதியில் பெல்ட்டு போலச் சுற்றினார். அதை ஒட்டி, ஒரு விரல் மேலே, வெப்பம் காட்டும் ஒட்டுத்தாளை ஒட்டினார். அதன்மேல் என் கம்பளி. தினமும் போய்க் கம்பளியை விலக்கித் தாளைப் பார்ப்பார். இருபது டிகிரி காட்டும், ஈஸ்டுக்கு வேண்டிய சூடு. "நல்ல பிள்ள" என்று பீப்பாயைத் தட்டிக்கொடுப்பார். நானும் கூட நின்று பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்.

(வீட்டில் பீர் காய்ச்சும் வாசகர்கள் இந்நேரம் தவறைக் கண்டுபிடித்திருப்பார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மூடியில் செருகிய குழாயில் முதலில் குமிழி விட்டது. பிறகு மெதுவானது. பிறகு நின்றது. குமிழி நின்றால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்துவிட்டது என்று பொருள். உண்மையாகவே முடிந்ததா என்று, மிச்சச் சர்க்கரையை அளந்து காட்டும் மிதவையைப் போட்டுப் பார்க்க வேண்டும். கெல்வினின் மிதவை போன வருடமே உடைந்துவிட்டது.

"கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வாயேன், கெல்" என்றார் ஜோசலின்.

"எதுக்கு? எனக்குக் காது இருக்கு. குமிழி நின்னா முடிஞ்சுது."

நுரை வரக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்தார். செப்டம்பரில் வசந்தம் பிறந்த முதல் சனிக்கிழமை, நல்லதாக இரண்டைப் பொறுக்கித் துடைத்து, அண்ணன் வீட்டுத் தபால் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். மிச்சத்தைக் கொட்டகைக் குளிரிலேயே விட்டுவிட்டு, சுவை பார்க்கவென்று ஒரே ஒரு புட்டியைச் சமையலறையில், வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் வைத்தார்.

5.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலமாரி வெடித்தது. நான் என் வீட்டிலிருந்தே கேட்டேன்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது ஜோசலின் மடித்த துணிகளிலிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து பீர் சொட்டியது.

"இருபது காட்டிச்சு" என்றார் கெல்வின். "தெனமும் பாத்தேன். இருபது."

"எங்க காட்டிச்சு? அந்தத் தாள எங்க ஒட்டின?" என்று கேட்டார் ஜோசலின்.

கெல்வின் தன் நெஞ்சின்மேல் கையை வைத்துக் காட்டினார். பெல்ட்டுக்கு ஒரு விரல் மேலே.

"அது பெல்ட்டோட சூடு, கெல். கஞ்சி வெந்துச்சான்னு அடுப்பத் தொட்டா பாப்பாங்க?"

பீப்பாயின் மேல்பாதிக்குப் பட்டை, கம்பளி எல்லாம் கிடைத்தது. ஈஸ்ட் போய்ப் படுப்பது அடியில். அடியில் சிமெண்டுத் தரை. கழுத்துக்கு மப்ளர் கட்டிவிட்டு வெறுங்காலோடு பனியில் நிறுத்திய கதைதான். சர்க்கரையைப் பாதியில் விட்டுவிட்டு ஈஸ்ட் சுருண்டுவிட்டது. புட்டிக்குள் போய், வெந்நீர்த் தொட்டியின் சூடு பட்டதும் எழுந்து மிச்சத்தையும் தின்ன ஆரம்பித்துவிட்டது; அதில் கிளம்பிய வாயு, வெளியேற வழியில்லாமல் புட்டியை உடைத்துவிட்டது.

"செத்துப்போச்சுன்னு நெனச்சுட்டேன்" என்றார் கெல்வின். "தூங்கிட்டுதான் இருந்திருக்கு."

(ஈஸ்டைத்தான் சொன்னார். நீங்கள் வேறு எதையாவது நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.)

அடுத்த நொடியே அவர் முகம் வெளுத்தது.

"லிண்ட்சேக்குப் பல்லு கூசும். பீர அடுப்போரம் வெச்சுதான் குடிப்பான். சின்ன வயசுலேந்து அப்படித்தான்."

ஜோசலின் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நீ போய்ச் சொல்லிட்டு வந்துடு, ஜோஸ்."

"நானா? அண்ணன் யாரோடது? பீர் யாரோடது?"

6.

முடிவு ஒன்று: கெல்வின் போய்ச் சேர்வதற்குள் அங்கே புட்டி வெடித்துவிடுகிறது. கண்ணாடித் துண்டு லிண்ட்சேயின் கண்ணுக்கு ——

இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். ஓர் ஒட்டுத்தாளை இடம் தப்பி ஒட்டியதற்கு இவ்வளவு தண்டனையா? கதாசிரியன் கையில் கத்தி இருக்கிறது என்பதற்காகக் கண்டபடி வீசக் கூடாது.

முடிவு இரண்டு: ஒரு சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்துவிடுகிறார். கெல்வின் உண்மையில் இதைத்தான் செய்யப் பார்த்தார். பேனா எடுத்து "குடிக்காதே" என்று எழுதினார். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் கழித்து, ஊரைவிட்டே போகிற அண்ணனுக்குத் தம்பி சொன்ன ஒரே சொல் அது என்று ஆகிவிடும். கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முடிவு மூன்று: அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இதை எழுத எனக்கு ஆசைதான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டேன். இங்கே ஆண்கள் கட்டிப்பிடித்து அழுவது கால்பந்து இறுதிப்போட்டி முடிந்ததும் மட்டும்தான்.*

* அதிலும் தோற்ற அணிக்காரர்கள்.

7.

என் கண்ணால் பார்த்ததை மட்டும் இனிச் சொல்கிறேன்.

கெல்வின் கொட்டகைக்குப் போனார். வெல்டிங் வைக்கும்போது போடும் முகமூடியைத் தலையில் மாட்டினார். முழங்கை வரை வரும் தோல் கையுறை போட்டார். வெடிக்கும் புட்டியை அப்படியே தொடக் கூடாது, கனமான துணியைப் போட்டு மூட வேண்டும் என்பது காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் அறிந்தது. பீப்பாயிலிருந்து என் கம்பளியை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். பட்டப்பகலில், சிவப்புக் கம்பளியோடு, சூரசம்ஹாரத்துக்குக் கிளம்பிய சூரனைப் போல மேட்டுச் சாலையில் ஏறினார். விழுந்துவிடப் போகிறார் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

கதவைத் தட்டினார். தட்டிவிட்டு ஒரு படி கீழே இறங்கிக்கொண்டார். வெடிக்குப் பயந்து அல்ல என்று நிச்சயமாகச் சொல்வேன்.

லிண்ட்சே தடியூன்றி வந்து திறந்தார். முகமூடியை மேலும் கீழும் பார்த்தார்.

"புட்டியத் தொட்டியா?" என்றார் கெல்வின் முகமூடிக்குள்ளிருந்து.

"அடுப்போரம் வெச்சிருக்கேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு."

"வெடிக்கப்போவுது. தாள பெல்ட்டுகிட்ட ஒட்டிட்டேன்."

லிண்ட்சே அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதாசிரியனாக அந்த இடத்தில் அவர் வாயில் ஒரு நல்ல வசனம் வைக்க எவ்வளவோ பார்த்தேன். அம்மாவைப் பற்றி ஒன்று, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்று, மன்னிப்பாக ஒன்று. எதையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"சரி, உள்ள வா. கதவத் தொறந்து வெச்சா சூடெல்லாம் வெளிய போயிடும்."

கெல்வின் படியேறி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. நான் வெளியே நின்றேன்.

8.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெடிச் சத்தம் கேட்கவில்லை. கெல்வின் இருட்டுவதற்கு முன் திரும்பிவிட்டார். முகமூடி கையில் இருந்தது. கம்பளி இல்லை.

"புட்டிய வெளிய வெச்சு அதும் மேல போட்டிருக்கு" என்றார். "ரெண்டு நாள் குளிர்ல கெடக்கட்டும். அப்புறம் போய் எடுத்துட்டு வந்து தர்றேன்."

இரண்டு நாள் கழித்துப் போனார். வெறுங்கையோடு வந்தார். "மறந்துட்டேம்ப்பா." மறுநாளும் கம்பளி எடுக்கவே போனார். அதற்கடுத்த நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பி, கம்பளி எடுக்கப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனவர் சாயங்காலம்தான் வந்தார். சட்டையெல்லாம் விறகுப் புகை வாசம்.

"ஏங்க, அந்தக் கம்பளி என்னதான் ஆச்சு?" என்று வசுமதி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கையிலிருந்த காயை நறுக்கி முடித்தாள்.

"இருக்கட்டும். நீங்க கேக்காதீங்க" என்றாள்.

மாதக் கடைசியில் லிண்ட்சேயின் சாமான்களை ஏற்ற லாரி வரும். அதற்குள் கம்பளி திரும்பி வருமா, குளிரே இல்லாத குவீன்ஸ்லாந்துக்கு லாரியில் போய்விடுமா, இல்லை லாரிதான் சாமான் ஏற்றாமல் திரும்பிப் போகுமா என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள், எனக்குச் சம்மதம்.

ஒரே ஒரு வேண்டுகோள். வேலியோரம் கெல்வினைப் பார்த்தால், கம்பளி எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதை எடுக்கத்தான் அவர் போய்க்கொண்டிருக்கிறார்.