தேவதூதர்களுக்கு விழுந்த ஏச்சு

ஐலா தீவில் விஸ்கிக் கிடங்கின் கூரைமேல் உட்காரும் கடற்பறவைகள் சாயங்காலம் நடந்துதான் வீடு திரும்பும். பீப்பாய்களிலிருந்து கசிந்து மேலே போகும் ஆவியின் வேலை அது. தேவதூதர்களின் பங்கு என்று ஊரே அதை மரியாதையாகச் சொல்லும். டார்க்கில் கிழவர் மட்டும் திருட்டு என்பார்.

முப்பது வருடமாக மகன் ரூரியின் பீப்பாயைப் போய்த் தட்டிப் பார்க்கிறார். நிறைந்த சத்தம் வரும் இடம் வருடாவருடம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். உடனே கூரையைப் பார்த்து ஆரம்பித்துவிடுவார்.

"வெக்கங்கெட்டவனுங்களா, றெக்கை இருந்தா அடுத்தவன் சரக்கைக் குடிக்கலாமா?"

ஒரு தடவை பாதிரியார் காதில் விழுந்து, ஈஸ்டர்வரை பிரசங்கம் அதைப் பற்றித்தான்.

அந்த ஓக் பீப்பாயை ரூரி தன் கையால் நிரப்பிச் சுண்ணக்கட்டியால் பெயர் எழுதினான். அந்த வருடமே நண்டு பிடிக்கப் படகில் போனான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. "அவன் வந்துதான் திறக்கணும்" என்றுவிட்டார் டார்க்கில். கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல் வைக்கவும் விடவில்லை. மனைவி எஃபியும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

இந்த மார்ச்சில் கிடங்கு மேலாளர் கில்லீஸ் வீட்டுக்கே வந்தான்.

"பெரியவரே, வீரியம் நாப்பது சதவீதத்துக்கு வந்து நிக்குது. அதுக்குக் கீழ போச்சுன்னா சட்டப்படி அது விஸ்கியே இல்ல. இப்பவே புட்டியில அடைச்சாத்தான் உண்டு."

"விஸ்கி இல்லாம, பின்ன கஞ்சியாடா?"

எஃபி கோட்டை மாட்டிக்கொண்டாள். "புள்ளைக்குக் கல்லுதான் இல்ல. அவன் விஸ்கியாச்சும் விஸ்கியா இருக்கட்டும். எந்திரி கிழவா."

அடைப்பை எடுத்ததும் கிடங்கு முழுக்கக் கரிப்புகையும் நனைந்த கயிறும் மணத்தன. நாக்கில் உலர்ந்த அத்திப்பழம், பிறகு உப்பு. விழுங்கிய பிறகும் போக மனமில்லாமல் தொண்டையிலேயே நின்றது.

"காரமே இல்லியே" என்றாள் எஃபி. "நெரப்பின அன்னிக்கு ஒரு வாய் குடிச்சிட்டு எப்படி இருமினான்!"

டார்க்கில் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். பாதிக்குமேல் காலி. தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார். வசவு வரப்போகிறது என்று கில்லீஸ் ஒதுங்கி நின்றான்.

"நீதான் குடிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இத்தனை வருஷம் திட்டியிருக்க மாட்டேனேடா."

புட்டிகளை நிரப்பி முடித்த கில்லீஸ் அடைப்பை அடிக்கச் சுத்தியலை ஓங்கினான். எஃபி அவன் கையைப் பிடித்தாள்.

"அடியில கொஞ்சம் கிடக்கட்டும் தம்பி. இறுக்கி மூடாத."

திரும்பும் வழியில், கல் செதுக்குபவன் பட்டறை முன்னால் டார்க்கில் தானாகவே நின்றார். கடற்பறவை ஒன்று அவர்களைத் தாண்டி நடந்து போனது.