சிவப்பு வாங்கிய கதவு

எங்கள் மேனேஜருக்குப் பச்சை என்று பெயர் வைத்தது நான்தான். சுவரில் மாட்டிய பெரிய திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தால்தான் அந்த மனிதருக்குச் சோறு இறங்கும். நாங்கள் எழுதும் புரோகிராமில், ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை 'இப்படி ஆனால், இல்லையென்றால்' இருக்கிறது என்று ஒரு கருவி எண்ணும். பத்தைத் தாண்டினால் சிவப்பு. லிஃப்ட் கதவுக்கு நான் எழுதிய பகுதி முப்பத்தெட்டு வாங்கியிருந்தது.

வாங்காமல் என்ன செய்யும்? கதவுக்கு நடுவில் கை இருக்கலாம், பாரம் கூடியிருக்கலாம், மின்சாரம் போயிருக்கலாம், எங்காவது தீப்பிடித்திருக்கலாம். எது முதலில், எது அடுத்து என்று மேலிருந்து கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். எங்கள் கட்டட லிஃப்ட்டிலும் வருஷக்கணக்காக அதுதான் ஓடுகிறது. இதுவரை ஒருவர் விரலும் நசுங்கியதில்லை.

அதைச் சின்னத் துண்டுகளாக உடைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். பச்சை அதைத் தூக்கி என் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டார். அவளுக்கு எனக்கு அடுத்த மேஜை. வீட்டில் நான் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறவள், இதை விட்டுவைப்பாளா? பொடிப்பொடியாக நறுக்கி நாலு கோப்புகளில் போட்டாள். திரை பச்சையானது. இனி நான் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால், வெளியே ஓடும் எல்லா லிஃப்ட்டுகளுக்கும் அது போய்விடும். கொடுக்காவிட்டால் கதவு வேலையிலிருந்தே என்னை எடுத்துவிடுவதாகப் பச்சை சொன்னார்.

கருவிமேல் எனக்குக் கோபம் இல்லை. நான் எழுதிய பாரக் கணக்கையும் அது சிவப்பென்று காட்டியது. போய்ப் படித்தேன், எனக்கே தலை சுற்றியது, உட்கார்ந்து திருத்தினேன். எங்கே பார்க்க வேண்டும் என்று கைகாட்ட அதற்குத் தெரியும். படிக்கிறவருக்குப் புரிகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

பச்சை பக்கத்தில் நிற்கும்போதே நாத்தனாரைக் கூப்பிட்டு, அவள் எழுதியதைத் திறந்து வைத்தேன்.

"கதவு மூடும்போது ஒரு குழந்தை நடுவுல கைய நீட்டுது. இதுல என்ன நடக்கும்? படிச்சுச் சொல்லு."

படித்தாள். ஒரு துண்டு இன்னொன்றைக் கூப்பிட்டது, அது வேறொரு கோப்பில் இருந்ததைக் கூப்பிட்டது. சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள். என்னுடையதைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டேன். சட்டென்று ஒரு வரியில் விரல் வைத்தாள்.

"தெரியல அண்ணி. நான் எழுதினதுதான், ஆனா என்ன நடக்கும்னு என்னால சொல்ல முடியல."

வீட்டில் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதவள். அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சோதனையெல்லாம் தேறிவிட்டதே என்றார் பச்சை. நமக்குத் தோன்றியதைத்தானே சோதித்தோம் என்றேன்.

"நான் ஒப்புதல் தர மாட்டேன் சார். வேணும்னா உங்க பேர்ல குடுங்க. இவ எழுதினத இப்பவே நம்ம லிஃப்ட்டுல ஏத்திடறேன். முதல் கை உங்களோடதா இருக்கட்டும்."

அவர் முகம் சிவந்தது. விறுவிறுவென்று வெளியே போனார். எதிரே லிஃப்ட் மூடிக்கொண்டிருந்தது. எல்லோரும் செய்வதைப்போல, யோசிக்காமல், இடைவெளியில் கையை நுழைத்தார். கதவு நின்றது, திறந்தது.

அவர் ஏறவில்லை. கையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், பழசே இருக்கட்டும் என்றார்.

"திரையில சிவப்பாத்தான் தெரியும் சார். பரவாயில்லையா?"

பச்சை கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.