பல்லுடைச்சான்

சினிமா எடுப்பவர்களை நம்பவே கூடாது. மூன்று நாள் பேட்டி என்று சொல்லித்தான் மார்னி என்னை உட்காரவைத்தாள். சாண்டா மோனிகாவில், சக்கரப் பலகைமேல் நின்று ஓட்டும் ஸ்கேட்போர்டு ஆட்டம் எப்படிப் பிறந்தது என்பதை, ஆடியவர்கள் வாயாலேயே சொல்லவைத்து ஆவணப்படம் எடுக்கிறாளாம். நானும் கிழட்டுப் பெருமையில் தலையாட்டிவிட்டேன். அந்தக் காலத்தில் நானும் என் தம்பி பெட்டோவும் கடற்கரைப் பசங்களில் பெரிய கை. அர்மென்டா சகோதரர்கள் என்றால் எதிரே வருகிறவன் தெருவை மாற்றிக்கொள்வான்.

மூன்றாம் நாள் மதியம் குன்றின் மேலிருக்கும் அந்த வீட்டுக்கு எங்கள் இருவரையும் கூட்டிப்போனாள். பின்பக்கத்து நீச்சல் குளத்தை இறைத்துக் காயவைத்திருந்தாள். ஆழமில்லாத பக்கத்தில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் ஏற்கெனவே ஒருத்தன், வலது காலை நீட்டி, மடியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தான். லைல் பிரென்டிஸ்.

அவன் வருவான் என்று மார்னி சொல்லவே இல்லை. அந்தக் காலை உடைத்தவன் நான்தான்.

"அடேயப்பா, பல்லுடைச்சான் வந்துட்டான்!" என்று பெட்டோ கைகொட்டிச் சிரித்தான். "யோவ் லைல், இன்னைக்கும் பலகையத் தூக்கி எறிவியா? பாத்துய்யா, இது செட்டுப் பல்லு. கீழ விழுந்தா தேடி எடுக்கணும்."

"நான் எறியல, பெட்டோ. நாப்பத்தேழு வருஷமா இதத்தான் சொல்றேன்."

"ஆமா, அதுவா பறந்து வந்து எனக்கு முத்தம் குடுத்துச்சு."

லைல் அவனை விட்டுவிட்டு மார்னியிடம் திரும்பினான். "எனக்குப் படமும் வேணாம், பேரும் வேணாம்மா. நான் வேணும்னு எறியலன்னு யாராவது ஒருத்தன் சொல்லணும். என் பேரன் என் பேரக் கம்ப்யூட்டர்ல தேடுனாக்கூட 'பல்லுடைச்சான்'னுதான் வருது."

மார்னி கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். "ரமிரோ சார், அன்னைக்கு இந்தக் குளத்து விளிம்புல நின்னு பாத்தது நீங்கதான். என்ன நடந்துச்சு?"

எழுபத்தேழாம் வருஷக் கோடை அது. மழை பொய்த்துப்போய், புல்தரைக்குத் தண்ணீர் விடாதே என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. பணக்காரர்களின் குளங்கள் பாசிபிடித்துப் பாதி வற்றிக் கிடந்தன. கிண்ணம்போல் வளைந்த அந்தச் சுவர்களில் பலகையை ஓட்டுவோம்; அவைதான் எங்களுக்குக் கடல் அலைகள். ஆள் இல்லாத வீடாகப் பார்த்து வேலி தாண்டுவோம், மிச்சத் தண்ணீரை இறைப்போம், ஆடுவோம். வெளியூர்க்காரனைச் சேர்க்க மாட்டோம். வந்தவன் கார் நாலு சக்கரமும் கிழிபட்டு நிற்கும். வந்தவன் மூக்கும் அப்படித்தான். எங்களுக்குள்ளும் ஒரே சட்டம்: குளத்துக்குள் ஒரு நேரத்தில் ஒருத்தன். ஒருத்தன் ஓட்டும்போது இன்னொருத்தன் குறுக்கே இறங்கினால் அவனைப் 'பாம்பு' என்போம். பாம்புக்கு அடி நிச்சயம்.

லைல் மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குப் பையன். அவனைச் சேர்த்தது ஒரே காரணத்துக்காக. அவனிடம் தண்ணீர் இறைக்கும் பம்ப் இருந்தது, எங்களிடம் இல்லை. பாவி, தனி ஆளாக அதைச் சுமந்துகொண்டு குன்றேறி வந்தான். செத்த எலிகளோடு அந்தச் சேற்றை எங்களோடு சேர்ந்து வாரிப்போட்டான். எங்களுக்குள் பேசிவைத்திருந்தோம்: குளம் காய்ந்ததும் இவனை அடித்து விரட்டிவிட வேண்டியது, பம்பை வைத்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் அதற்குள் அவன் முறை வந்துவிட்டது. முதல் இரண்டு சுற்று சும்மா போனான். மூன்றாவதில் ஆழப் பக்கத்துச் சுவரில் ஏறினான், ஏறிக்கொண்டே போனான். நாலு சக்கரமும் விளிம்புக் கல்லைத் தாண்டி வெளியே வந்துவிட்டன. காற்றில், சத்தியமாகக் காற்றில், பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பி, அதே சுவரில் இறங்கினான். அதுவரை எங்களில் ஒருத்தனும் கல்லைத் தாண்டியதில்லை. தாண்ட முடியும் என்றே நாங்கள் நினைத்ததில்லை.

யாரும் கத்தவில்லை, கைதட்டவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பெட்டோவுக்கு இன்னும் அதிகமாக எரிந்திருக்க வேண்டும். லைல் மறுபடி சுவரில் ஏறிக்கொண்டிருக்கும்போதே பெட்டோ இந்தப் பக்கத்திலிருந்து குறுக்கே இறங்கிவிட்டான்.

இறங்கி வந்த லைல் எதிரே பெட்டோவைப் பார்த்தான். மோதாமல் இருக்கத் தன்னையே பக்கவாட்டில் எறிந்து விழுந்தான். காலிலிருந்து கழன்ற பலகை சுவரில் பட்டு எகிறியது. விழும்போதே, "பலகை! பலகை!" என்று கத்தினான். அப்படிக் கத்துவதுதான் எங்கள் முறை. பெட்டோ நிமிர்ந்து பார்த்தான், அது வாயில் அடித்தது. மூன்று பல். வெள்ளைச் சுவரெல்லாம் ரத்தம்.

எல்லாவற்றையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் என் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சக்கரம் கோத்த இரும்பு அச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி பிடித்து, லைலின் முழங்காலில் இறக்கினேன். விறகு முறிகிற சத்தம். அவன் எழுந்தான். மறுபடி இறக்கினேன். அதற்கப்புறம் எழவில்லை. மற்றவர்கள் வந்து விலாவில் உதைத்தார்கள். அடுத்த வாரம் ஒரு பத்திரிகைக்காரன் கேட்டபோது, "வேணும்னே எறிஞ்சான்" என்றேன். அவன் அப்படியே அச்சடித்தான். அதற்குப்பின் எந்தக் குளத்துக்கும் லைலை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் ஆட அவனுக்குக் கால் இல்லை.

"சார்?" என்றாள் மார்னி.

வழக்கமான பொய்க்குத்தான் வாயைத் திறந்தேன். ஆயிரம் தடவை சொன்ன பொய், பல் தேய்க்கிற மாதிரி வரும். லைல் என்னைப் பார்க்கவே இல்லை. ஆழப் பக்கத்து விளிம்புக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் பறந்த அதே இடத்தை. எனக்குச் சுருக்கென்றது.

"பெட்டோதான் குறுக்க எறங்குனான்," என்றேன். "இவன் எறியல. இவன் மோதாம விழுந்தான், கத்தவும் செஞ்சான். எனக்கு அப்பவே தெரியும்."

பெட்டோவின் சிரிப்பு நின்றது. "என்னடா சொல்ற?"

"நீ பாம்புடா, பெட்டோ. மொத நாள்லேர்ந்து நீதான் பாம்பு."

"ஊரு உலகமே பாக்கப்போற படத்துலயா கூடப் பொறந்தவன விக்கிற, நாயே?" நாற்காலியைத் தூக்கி என் மேல் வீசினான். அதன் கால் என் நெற்றியைக் கிழித்தது. மேலே விழுந்து கழுத்தைப் பிடித்தான். சட்டையில் குத்தியிருந்த மைக் பிய்ந்து எங்கோ போயிற்று. அறுபத்துமூன்று வயசுக் கிழவன், பிடி மட்டும் அப்படியே இருந்தது. அவன் மூக்கில் தலையால் இடித்தேன். விட்டான். மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி, ரத்தத்தைத் துப்பி, "இனி எனக்கு அண்ணனே இல்லடா!" என்று கத்திவிட்டுப் போனான். அவன் செட்டுப் பல் கீழே கிடந்தது.

மார்னி காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது. "சார், மன்னிச்சிருங்க. மைக்ல கோளாறு. ஆரம்பத்துலேர்ந்தே ஒரு வார்த்தைகூடப் பதிவாகல." என் நெற்றியைப் பார்த்தாள். "இன்னொரு தடவ சொல்ல முடியுமா?"

கோபத்தில் கொட்டுவது சுலபம். நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்வதுதான் கொடுமை. வேறொரு மைக்கைக் குத்திவிட்டாள். இந்தத் தடவை பம்பிலிருந்து ஆரம்பித்தேன். பம்பைப் பிடுங்கப் பேசிவைத்தது, அவன் பறந்தது, யாரும் கைதட்டாதது, நான் பத்திரிகைக்குச் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

லைல் முழுசும் கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி. "மொத அடி தம்பி ரத்தத்தப் பாத்து நீ அடிச்சன்னு வச்சுக்கலாம். ரெண்டாவது எதுக்குடா?"

"நீ எந்திரிச்ச," என்றேன். "ஒத்தக் கால்ல எந்திரிச்சுப் பலகைய எடுக்கப் போன. இவன் மறுபடியும் பறந்துடுவான்னு பயந்துட்டேன், லைல்."

அவன் மெதுவாக எழுந்தான். "இதப் புடி," என்று கைத்தடியை என் கையில் கொடுத்தான். எதற்கு என்று புரியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என் கைகள் இரண்டும் தடியில் இருந்தபோது, முஷ்டியை மடக்கி வாயில் ஒன்று விட்டான். கண் இருண்டது. தடியில்லாத கால் அவனைத் தாங்கவில்லை. என் சட்டையைப் பற்றினான், இரண்டு பேரும் அந்தச் சரிவில் உருண்டு ஆழத்தின் அடியில் போய் விழுந்தோம். மேலே மார்னி அலறிக்கொண்டிருந்தாள்.

அவன் என் மார்பின் மேல் கிடந்தான். என் கடைவாய்ப் பல் ஒன்று நாக்கில் உருண்டது.

"இன்னொன்னு பாக்கி இருக்கு," என்றேன். "அடிடா."

ஓங்கினான். கையை அப்படியே இறக்கி, அதை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டான்.

"கை வலிக்குதுடா," என்று சொல்லிவிட்டு லைல் ஓவென்று அழுதான்.