மாமியார் புற்றில் மறுவீடு

ஈசல்களுக்குக் கல்யாணம் செய்துவைப்பது, பெட்ரோல் பங்கில் ஜெயசீலி பார்க்கும் வேலைகளில் ஒன்று. முதல் மழை விட்டதும் அவை ஜோடி ஜோடியாகப் பங்கின் டியூப்லைட்டுக்கு வரும். வண்டிக்குப் பெட்ரோல் போட்டபடியே, "ரெண்டு பேரும் எந்தப் புத்து?" என்று கேட்பாள். வேறு வேறு புற்றென்றால், இறக்கையைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொல்லி வாழ்த்தி அனுப்பிவிடுவாள்.

இந்த வருஷம் பங்குக்குப் பின்னால் இருக்கும் புற்றிலிருந்து செண்பகம் வந்தாள், கூடப்பிறந்த அண்ணனோடு.

"எங்கம்மாவும் அவ அண்ணனைத்தான கட்டுனா யக்கா?" என்றாள்.

கட்டினாள்தான். அதைத்தான் அந்தப் புற்று இப்போது அனுபவித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் முதுகெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம். கறையான் வீட்டில் அதற்கு மருந்து, ஒருவரையொருவர் நக்கிவிடுவது. பிள்ளைகளும் பாவம், மாறி மாறி நக்கிப் பார்த்தார்கள். எல்லார் வாயிலும் ஒரே எச்சில். ஒருவர் எச்சிலுக்கு அசையாத பூஞ்சணம் எவர் எச்சிலுக்கும் அசையவில்லை. அம்மாவைக் குறை சொல்லி என்ன செய்ய? வெளியே போகப் பயந்த பெண், அவ்வளவுதான். இப்போது நாளை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

ஜெயசீலி முடியவே முடியாது என்றுவிட்டாள். ரயில்வே கேட் புற்றில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, அண்ணன் தங்கை இருவருக்கும் முடித்துவைத்தாள்.

"அவுக வாசமே வேற மாதிரி இருக்கு யக்கா."

"அதுக்காகத்தானடி பார்த்தது."

மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வந்தார். பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு ஜெயசீலியும் புற்றுக்குள் குனிந்து போனாள். மாமியாரைப் பார்த்ததுமே மாப்பிள்ளை, "அத்தைக்கு நான் நக்கிவிடுதேன்" என்றார். தங்கமான பிள்ளை. மாமியாரோ சேலைத் தலைப்பை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை முன்னால முதுகைக் காட்டுவேனா சீலி? அதுக்குச் செத்தே போயிருவேன்."

"செத்துத்தான் போவிய மதினி. அதைத்தான் நானும் சொல்லுதேன்." என்றாள் ஜெயசீலி.

மாப்பிள்ளை தன் நாக்கைக் கழற்றிச் செண்பகத்தின் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போய் நின்றார்.

உள்ளே நாக்கு வேலையை ஆரம்பித்தது. "யம்மா, போகுது! பூஞ்சணம் போகுது!" என்று செண்பகம் சத்தம் போட்டாள்.

ஜெயசீலி வெளியே வந்து மாப்பிள்ளைக்கு ஒரு டம்ளர் காபி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, சர்க்கரை சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார்.