நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று

கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுகிறது, நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று, இதுல எதும்மா பெரிசு என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்கிறார், என் ஒன்பதாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் ஹேமலதா எழுந்து நாலில் ஒன்றுதான் சார், மூணைவிட நாலு பெரிசு என்கிறாள், ஆமா சார் என்கிறது வகுப்பு முழுவதும், எனக்குக் காது சுடுகிறது, ஜன்னலுக்கு வெளியே, தலைமையாசிரியர் அறை வாசலில் பேச்சியம்மாவின் தாய் நிற்பது தெரிகிறது, அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி குறையக் கூடாதென்று, தேறாது என்று நான் எழுதிக் கொடுத்த பெயர் பேச்சியம்மா, இன்று அவளுக்கு டி.சி., திங்கட்கிழமையிலிருந்து நூல் மில், அவள்தான் கடைசி பெஞ்சில் எழுந்து நிற்கிறாள், இல்ல சார், மூணுல ஒண்ணுதான் பெரிசு, ஒரு தோசையை மூணு பேரு பிச்சுக்கிட்டா கொஞ்சமாச்சும் வயித்துக்குக் காணும், நாலாவது ஆளு வந்துட்டா எல்லாருக்கும் கொறைஞ்சுரும்ல, அதிகாரி திரும்பி என்னைப் பார்க்கிறார், நான் யாரைப் பார்ப்பது, ஒப்பித்தவர்களுக்கெல்லாம் மார்க் போட்டு, யோசித்து நின்றவளை மக்கு என்று அவள் தாயிடமே சொன்னவள் நான்.

மணி அடித்ததும் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன், கனவில் இன்றும் ஓடுகிறேன், கனவில் அந்த வராந்தா முடிவதேயில்லை, அன்று முடிந்தது, டி.சி.யில் கைநாட்டு வைத்த தாயின் பெருவிரலில் மை ஈரமாக இருந்தது, சார், அந்தப் பேரை நான் தப்பா எழுதிட்டேன், டி.சி. வேண்டாம் என்றேன், தலைமையாசிரியர் பேனாவை மூடினார், சதவீதம் குறைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும் டீச்சர், சொல்றேன் சார் என்றேன், அந்தத் தாய் டி.சி. காகிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல் என்னையே பார்த்தாள், படிப்பு ஏறாதுன்னு நீங்கதான சொன்னீக, இப்ப ஏறும்கிறீக, நாளைக்கு மாத்திச் சொல்ல மாட்டீகளே, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், நெடுநேரம் கழித்தே காகிதம் மேஜைக்குத் திரும்பியது.

அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் வரவில்லை, பேச்சியம்மா கணக்கில் முப்பத்தொன்று, நாலு மார்க்கில் தவறினாள், ஆசிரியர் அறையில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை, அவள் அழுதுகொண்டு மில்லுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன், வாசலில் நிழல், கையில் கேள்வித்தாளோடு அவள், மறுதேர்வு அடுத்த மாசமாம்ல டீச்சர், எங்க தப்புனேன்னு காட்டுங்க, புரியுற வரைக்கும் கேப்பேன், திட்டக் கூடாது, நான் எழுந்து என் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன்.