பச்சையும் சிவப்புமாய் ஒரு தொப்பி

கபிதோ அந்தத் தொப்பியைப் பாலைவனக் கோட்டையின் முற்றத்துக் கல்லின்மேல் வீசியபோது, அங்கே ரொட்டி சுடும் செனோசிரிஸ் அது யாருடையது என்று உடனே கண்டுகொண்டாள். இரண்டு பச்சைத் துண்டு, இரண்டு சிவப்புத் துண்டு. போன குளிருக்குப் பழைய கம்பளிச் சட்டையைக் கிழித்துத் தம்பி பெகூசிஸுக்கு அவள்தான் தைத்துக் கொடுத்தாள். மிச்சத்தில் மகள் தாயிஸுக்கும் அதே மாதிரி ஒன்று. அதைப் போட்டுக்கொண்டுதான் குழந்தை இப்போது அடுப்படியில் தூங்குகிறது.

"கீழ்க்கிணத்துக் காவல்காரன் மண்டைய உடைச்சவன் விட்டுட்டுப் போனது. யார் வீட்டுத் துணின்னு தெரிஞ்சாப் போதும், ஆளத் தூக்கிச் சிலுவையில ஏத்திடலாம்" என்றான் கபிதோ. கோட்டைக்கு அவன்தான் தலைவன். "இதே துணியில மிச்சம் மீதி கிடக்கும், குப்பைமேட்டக் கிளறுங்கடா."

கல் உடைக்கிற மலையிலிருந்து ஓடிப்போனவன் பெகூசிஸ். அவன் அப்படிச் செய்யக்கூடியவன் இல்லை. ஆனால் பசி வந்தால் யாரை நம்புவது? பாவிப்பயல், தொப்பியையா விட்டுவிட்டு ஓடுவான்?

ரொட்டிக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே குப்பையைக் கிளறிய சிப்பாய்களின் குச்சியில் போன வருஷத்து வெங்காயத் தோல்கூட அப்படியே வந்தது. மழையே காணாத இந்த மண்ணில் எதைப் புதைத்தாலும் மக்காது. மகளின் தலையிலிருந்து தொப்பியை மெல்ல உருவி அடுப்புக்குள் திணித்தாள். கம்பளி சட்டென்று எரியவில்லை. சுருண்டது, கருகியது, நாறியது.

"என்ன இது, முடி கருகுற நாத்தம்?" கபிதோவின் செருப்புச் சத்தம் வாசலை நெருங்கியது.

அவளுக்கு யோசிக்க நேரமில்லை. பின்னலை முன்னால் இழுத்து நுனியைத் தணலில் வைத்தாள். அவன் எட்டிப் பார்க்கும்போது புகைகிற பின்னலைக் கையால் அடித்து அணைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊதக் குனிஞ்சேன். பின்னல் பத்திக்கிச்சு, ஐயா."

கபிதோ சிரித்துவிட்டான். "ரொட்டி சுடச் சொன்னா மண்டையச் சுட்டுக்கிறியே. பாத்துப் பண்ணும்மா."

அவன் திரும்பினான். செனோசிரிஸுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. உயிர் பிழைத்தான் தம்பி என்று நினைத்துக்கொண்டாள்.

பாயில் தாயிஸ் எழுந்து உட்கார்ந்தாள். தூக்கக் கலக்கத்தோடு இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்தாள். பாயைப் புரட்டினாள்.

"அம்மா, என் தொப்பி எங்க?"

படி இறங்கப்போன கபிதோவின் கால் அப்படியே நின்றது.