அத்தாவுக்குத் தனித் தட்டு

அத்தா கத்தாரிலிருந்து திரும்பியபோது அவருக்குச் சர்க்கரை முன்னூற்றுப் பத்து. கொரோனா வந்தால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்ன மறுநாளே அவரை வாய்க்கால் கரையில் நடக்கவிட்டேன். சீனி டீயை நிறுத்தினேன். ஐந்து மாதத்தில் நூற்று அறுபதுக்கு இறங்கியது.

அத்தனையையும் ஒரே மதியத்தில் கெடுக்கப் பார்த்தது குடவாசலில் பெரியத்தா மகனின் நிக்காஹ் விருந்து. ஆண்கள் கூடத்தில் நான்கு நான்கு பேராக ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அதிலிருந்தே அள்ளிச் சாப்பிட்டார்கள். அத்தாவின் சஹனில் கைவைத்திருந்த ஒருவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார்.

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போனேன்.

"பொம்பளப்புள்ளைக்கு இங்க என்ன வேல? காலேஜ் படிச்ச திமிரு," என்றார் பெரியத்தா.

"ஆமா பெரியத்தா, நம்ம குடும்பத்துல நான் ஒருத்திதானே படிச்சேன். எழுந்திரிங்க அத்தா, இதுல சாப்பிடுங்க."

"தோஹா ரூம்ல எட்டுப் பேரு ஒரே சஹன்லதாம்மா தின்னோம். இப்ப தனியாத் தின்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்," என்று முணுமுணுத்தார் அத்தா.

"அந்த ரூம்லேர்ந்துதான் சுகரையும் கொண்டாந்தீங்க. இவங்க கோவம் நாலு நாள்ல போயிடும். உங்களுக்கு மூச்சு நின்னா?"

கூடமே என்னை முறைத்தது. நான் நகரவில்லை. அத்தா தன் அண்ணனைப் பார்த்தார், இருமியவரைப் பார்த்தார். கடைசியில் எழுந்து ஜன்னலோரம் போய்த் தனியாக உட்கார்ந்தார்.

"சோறு இன்னும் கொஞ்சம் வையி, ஹுமைரா."

கறி வைத்தேன். சோறு வைக்கவில்லை.